ஒத்துக்கொண்டால் உடனே வீடு

மார்ச் 12

உள்ளே இருக்கும் அம்மாவுக்கு, வெளியே மாட்டிக்கொண்ட வாலு எழுதுவது.

மதுவிலக்கு என்கிறார்கள். மதுவைத் தவிர எல்லாவற்றையும் விலக்கியாயிற்று, உன்னையும் சேர்த்து. நீ சாராயம் விற்பதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் ஸ்டேஷனில் கேஸ் குறைந்தால் ஏட்டுக்கு நம் வீடுதான் ஞாபகம் வரும். நீயும் கூண்டில் ஏறி, "ஆமாங்க, நான்தான்" என்பாய். அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவாய். இந்தத் தடவை வந்த புது நீதிபதி பழைய கேஸ்களைப் புரட்டிப் பார்த்து மூன்று மாதம் போட்டுவிட்டார். எத்தனை 'ஆமாம்' சேர்த்து வைத்திருந்தாய் அம்மா?

இஸ்திரிக் கடையை நான்தான் பார்க்கிறேன். ஏட்டின் பேன்ட் வந்தது. காலுக்கு இரண்டு கோடு வைத்துத் தேய்த்தேன். "என்னய்யா, காலா, தண்டவாளமா?" என்று அவருடைய அதிகாரி கேட்டாராம்.

சாப்பிடும்போது உன் தட்டையும் எடுத்து வைத்துவிடுகிறேன். பிறகு இரண்டிலும் நானே சாப்பிடுகிறேன்.

வாலு

மே 20

என் வாலுக்கு, அம்மாவின் ஆசிகள்.

ஏட்டிடம் வம்பு வேண்டாம். 'இல்லை' என்று சொன்னால் வாய்தா வாய்தாவாக இழுப்பார்கள். ஜாமீன் நிற்க நமக்கு யார் இருக்கிறார்கள்? நீ தனியாகக் கிடப்பாயே என்றுதான் ஒவ்வொரு தடவையும் 'ஆமாம்' என்றேன்.

இங்கே ஒரே கூடத்தில் அத்தனை பேர் படுக்கிறோம். ஆனால் உன் வாய் இல்லாமல் என் காது சும்மா கிடக்கிறது. ஜூன் ஐந்தாம் தேதி விடுகிறார்கள். சுடுசோறு வை.

அம்மா

ஜூன் 2

அம்மா,

சோறு வைக்க முடியாது. 'இல்லை' என்று சொன்னதால் இல்லத்தில் இருக்கிறேன். கேஸ் முடியும்வரை சின்னப் பிள்ளைகளை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில்.

மாதக் கடைசி வந்தது, நீ இல்லை. துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஏட்டு ஒரு சாராய பாட்டிலை வைத்தார்.

"சின்னப் பிள்ளை, எச்சரிச்சு விட்டுடுவாங்க. ஆமான்னு சொல்லு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

"பேன்ட் கோபமா ஏட்டய்யா?"

"கோபம் இல்லம்மா. ஒரு கேஸ் குறையுது."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"நீதானா?" என்று நீதிபதி கேட்டபோது உன் 'ஆமாம்' என் நாக்கு நுனி வரை வந்தது. "இல்லைங்க" என்றேன். நம் வீட்டிலிருந்து கோர்ட்டுக்குப் போன முதல் 'இல்லை'. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

சாவி கரி மூட்டைக்குள் இருக்கிறது.

வாலு

ஜூன் 6

கண்ணே,

வீட்டுக்கு வந்தேன். கரியைத் துழாவிச் சாவி எடுத்தேன். ஏட்டைப் போய்ப் பார்த்தேன். இப்போது ஒத்துக்கொண்டாலும் போதுமாம், மறுநாளே விட்டுவிடுவார்களாம்.

என்மேல் கோபப்படாமல் படி. 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடு. கௌரவத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நீ செய்த குறும்புக்கெல்லாம் உன்னைத் திட்டினேன். இப்போது ஒன்று செய்யேன் என்றிருக்கிறது.

அம்மா

ஜூன் 10

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் வாயாடவில்லை. எனக்குக் காய்ச்சலோ என்று வார்டன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

'ஆமாம்' என்றால் நாளைக்கே வந்துவிடுவேன். அப்புறம் உன்னைப் போல மாதா மாதம் போய்க்கொண்டிருப்பேன். இன்னும் கொஞ்ச நாளில் எனக்கும் மூன்று மாதம் கிடைக்கும்.

அடுத்த மாதம் வாய்தா. நாம் இன்னும் சாராயம் விற்கிறோமா என்று உன்னைக் கேட்பார்கள். நீ என்ன சொல்லவேண்டும் என்று நான் எழுதமாட்டேன். நான் சொல்லப்போவது உனக்குத் தெரியும்.

ஏட்டின் துணி வந்தால் ஒழுங்காகத் தேய்த்துக் கொடு. ஒரே கோடு.

என் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வை அம்மா. வர நேரமாகும்.

வாலு