சீனியின் இடது மூக்கு

என் அன்புக்குரிய றாசிக் நானா,

நீங்கள் இருந்திருந்தால் இதை நேரில் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருப்பேன். இல்லாதபடியால் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமைப் பின்னேரம் உங்கள் மகன் அஸ்லத்தை வேவு பார்ப்பதற்காக வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயது, முன்னுக்குத் தள்ளிய வண்டி வயிறு வேறு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எறும்புப் புற்றில் காலை வைத்துவிட்டேன். சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளிப் போய் அவன் முன்னாலேயே நின்றேன்.

"என்ன அங்கிள், என்ன தேடுறீங்க?" என்றான்.

"கோழி முட்டை" என்றேன்.

குசினி வாசலில் நின்ற என் மகள் தர்சினி, "அப்பா, எங்களிட்டக் கோழியே இல்லையே" என்றாள். பெற்ற பிள்ளைதான். வேறு யார் இப்படிக் காட்டிக்கொடுப்பார்கள்?

ஏன் ஒளிந்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என் கையில் ஒப்படைத்த குதிரை சீனிக்கு மூக்கால் ரத்தம் வரத் தொடங்கியிருந்தது, நானா.

முதல் தடவை ஒரு சனிக்கிழமை காலை. முகத்தைத் துடைக்கப் போனால் இடது மூக்கிலிருந்து நூல்போல ஒரு சிவப்புக் கோடு. எங்கேயாவது உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு தும்மினாள், என் வெள்ளைச் சேட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாக ரத்தம். சாப்பாட்டில் குறையில்லை, காய்ச்சல் இல்லை, காயமும் இல்லை. நின்றுவிடும், இரண்டு நாளில் திரும்ப வரும். எப்போதும் இடது மூக்குத்தான்.

தேத்தண்ணிக் கடையில் சொன்னால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நெளுக்குளத்தில் கலியாண மாப்பிள்ளைகளை ஏற்றுகிற ஒரே குதிரை, அதுதான் ஆரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். எலுமிச்சம்பழமும் செத்தல் மிளகாயும் கட்டினேன். சீனி மிளகாயைத் தின்னப் பார்த்தாள். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "தகப்பன் குதிரைய மகனுக்குக் குடுக்கேல்லையே, அந்தப் பொடியனுக்கு மனசில என்ன இருக்கோ" என்றார்.

விதை விழுந்தது அப்போதுதான். அஸ்லம் ரவுணில் போன் திருத்துகிறவன், வாடகை வீடு, முற்றமே இல்லை. குதிரையை எங்கே கட்டுவான்? அதனால்தான் பத்து வருடமாக அதை லொறியில் ஏற்றி இறக்கிய என்னிடம் தந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தேகம் வந்தது. அவன் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடித்து, கரட்டோடு வந்து சீனியோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவான். சனிக்கிழமை ரத்தம் வரும். கலண்டரில் சனிக்கிழமைகளைச் சிவப்புப் பேனையால் சுழித்துப் பார்த்தேன். நாலு சனி. ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தை இரண்டு முறை கோட்டைவிட்டவன் நான். ஆனால் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு நானே பொலிஸ் உத்தியோகம் கொடுத்துக்கொண்டேன்.

அவன் கொண்டுவந்த கரட்டுகளை மணந்து பார்த்தேன், கத்தியால் கீறிப் பார்த்தேன். ஒரு நாள் மூன்று கரட்டை நானே தின்று பார்த்தேன். எனக்கு மூக்கால் ஒன்றும் வரவில்லை. சீனிதான் தன் பங்கு போகிற கவலையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்கெல்லாம் முன்னமே தர்சினி தன் போனில் தேடி வாசித்திருந்தாள். குதிரையின் தொண்டைக்குப் பின்னால் காற்றுப் பைபோல ஒன்று இருக்கிறதாம். அதற்குள் பூஞ்சணம் பிடித்து ரத்தக் குழாயைத் தின்றுவிட்டால், மூக்கால் வந்து வந்து நின்று, ஒரு நாள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்துவிடுமாம். இன்னொரு காரணமும் வாசித்தாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேவு பார்த்த மறுநாள், சனிக்கிழமை காலை, ரத்தம் தொட்டிக்குள் சொட்டியது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அஸ்லத்துக்குப் போன் எடுத்து, இனிமேல் சீனியைப் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். சும்மாதான் என்றேன். அதற்கு அவன் சொன்னான்:

"அங்கிள், வாப்பாட கபுறடிக்குப் போனா மண்ணும் கல்லும்தான் இருக்கு. சீனியிட்ட வந்தாத்தான் வாப்பா தொட்ட ஒண்டுக்கு மூச்சு வாற சத்தம் கேக்குது. அதையும் வேணாமெண்டா நான் எங்க போறது?"

போனை வைத்துவிட்டேன். நடிக்கிறான் என்று நினைத்தேன், நானா. என்னுடைய புத்தி அப்படி ஓடியது.

சனிக்கிழமை இரவே தர்சினி ரத்தத்தைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அவளுக்குப் போன் எடுத்திருக்கிறான். மிருக வைத்தியர் அம்மாவைக் கூட்டிவருகிறேன், அவர் வரும்வரை சீனிக்குத் தண்ணீர் வைக்கவேண்டாமாம் என்று சொல்லியிருக்கிறான். விடாயிலேயே சாகட்டும் என்கிறானா என்று நான் வாளியைத் தூக்கினேன். தர்சினி வாளியைப் பறித்து, "டொக்டர் சொன்னவா, அப்பா. அவன் சொல்லேல்ல" என்றாள்.

வைத்தியர் வந்தார். அஸ்லம் உள்ளே வரவில்லை, படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். வரவேண்டாம் என்று நான் சொன்ன சொல்லை அப்படியே காத்தான். உச்சி வெயில். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை.

வைத்தியர் ரோச் வெளிச்சம் அடித்து மூக்குக்குள் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூக்கில் மட்டுந்தானா, விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டார். பிறகு, "ஐயா, இவ எங்க தண்ணி குடிக்கிறவ?" என்றார்.

பெருமையாகச் சொன்னேன். பின்னேரம் பின்னேரம் நானே கயிற்றைப் பிடித்துக் குளத்துக்குக் கொண்டுபோவேன் என்று. உங்களுக்கு என்ன மறைப்பு? மாடு மேய்த்துச் சாய்க்கிறவர்கள், குளிக்கிற சனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். அரசன்போல நடப்பேன். இந்தக் கோடையில் குளம் வற்றி, கரையோரம் பாசியும் சேறும் கலங்கலும். எருமை குடிக்கிற தண்ணீர்தானே, குதிரைக்கு என்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

படலைக்கு வெளியே நின்று அஸ்லம் சொன்னான்: "வாப்பா ஒருநாளும் குளத்தில குடிக்க விட்டதில்ல, டொக்டர். கிணத்துத் தண்ணிதான். வாளியிலதான்."

ஓம், நானா. ஆஸ்பத்திரியில் எனக்கும் சொன்னீர்கள். குளிரான மலைநாட்டிலிருந்து வந்த குதிரைக்குச் செல்லம் கொடுக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப மூக்குக்குள்ள அட்டைதான் இருக்கும்" என்றார் வைத்தியர். குளத்தில் வாய் வைக்கும்போது நூல்போல நுழைந்து, உள்ளே இருந்து குடித்துக் கொழுக்குமாம். நாய்களுக்கும் மாடுகளுக்கும் வருகிறதுதானாம். விடாய்த்த மிருகத்தின் மூக்குக்குக் கீழே குளிர்ந்த தண்ணீரைப் பிடித்தால் ஈரத்துக்கு வெளியே தலையை நீட்டும், அந்த நேரம் இடுக்கியால் பிடிக்கவேண்டும். ஆனால் சீனி அசையாமல் நிற்கவேண்டும். நான் தலையைப் பிடித்தேன். என்னை ஒரு உதறு உதறினாள், வேலியில் போய்ச் சாய்ந்தேன். தர்சினி பிடித்தாள், சீனி காலால் உதைத்தாள்.

வைத்தியர் இடுக்கியோடு காத்திருந்தார். தர்சினி என்னைப் பார்த்தாள். நான் வேலியைப் பார்த்தேன், சீனியைப் பார்த்தேன். கடைசியில், "அஸ்லம், உள்ள வா" என்றேன்.

ஒரு கேள்வி கேட்கவில்லை. வந்தான், செருப்பைக் கழற்றினான், சீனியின் கழுத்தோடு தன் தலையை வைத்து நீங்கள் முணுமுணுக்கிறது மாதிரியே ஏதோ முணுமுணுத்தான். குளிர்ந்த தண்ணீர்ப் பேசினை நான் மூக்குக்குக் கீழே பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கை மரத்துப்போனது. கறுப்பாக ஒன்று மூக்கு ஓரத்தில் எட்டிப் பார்த்து, உள்ளே போய், திரும்பவும் வந்து தண்ணீரைத் தொட்டது. வைத்தியர் பிடித்து இழுத்தார். என் சின்னி விரல் தடிப்பு, நானா. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் பாதி அதன்மேல், மீதி யார்மேல் என்று சொல்லத் தேவையில்லை.

வைத்தியர் போன பிறகு தர்சினி தன் போனை நீட்டினாள். ரத்தம் வந்த நாள் எல்லாவற்றையும் அவள் குறித்து வைத்திருந்தாள்: செவ்வாய், புதன், ஞாயிறு, சனி. நான் சனியை மட்டுந்தான் சுழித்திருந்தேன்.

அஸ்லத்திடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். குடித்தான். மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு, "முட்டை கிடைச்சதா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனான். உங்கள் பிள்ளைதான், சந்தேகமில்லை.

சீனி இப்போது சுகம். அடுத்த கிழமை ஒரு கலியாணம் இருக்கிறது. குளத்தங்கரைச் சனம் எங்கே குதிரை என்று கேட்கிறது. கிணற்றடிக்கு வந்து பாருங்கள் என்கிறேன். இனி அவள் குடிக்கிற ஒவ்வொரு வாளியையும் நானே அள்ளுவேன், நானா. அஸ்லத்துக்குப் படலை எந்த நாளும் திறந்திருக்கும். இது என் வாக்கு.

தர்சினி வாசித்த மற்றக் காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? பந்தயத்தில் ஓட்டின குதிரைகள் சிலதுக்கு ஓடி ஓடி நுரையீரலில் ரத்தம் கசிந்து மூக்கால் வருமாம். அப்படிப்பட்டதை உடையவர்கள் நோயைச் சொல்லாமல் அடுத்தவன் தலையில் கட்டிவிடுவார்களாம். சீனியை நீங்கள் நுவரெலியாப் பந்தயத் திடலிலிருந்துதானே கொண்டுவந்தீர்கள்? அந்த இரவு நான் உறங்கவில்லை. விடிந்ததும் அஸ்லத்தின் கரட்டை மணக்கத் தொடங்கினேன்.

நேற்று அவனோடு உங்கள் கபுறடிக்கு வந்தேன். அவன் கையேந்தி துஆக் கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வசனம் தொண்டைவரை வந்தது. பிள்ளை நின்றபடியால் விழுங்கிவிட்டேன். இங்கே எழுதுகிறேன்: நானா, நான் முதலில் சந்தேகப்பட்டது உங்களை.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
லொறிக்காரச் சிவம்