ஆலைக்காரம்மாவின் சிரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

ராயோங் ஊரிலுள்ள மீன் சாஸ் ஆலையின் சரக்குக் கணக்கைக் கணினிக்கு மாற்றும் வேலை பைலினுக்குப் போய்விட்டது. இந்த மென்பொருள் அலுவலகத்தில் நான் பதினொரு வருடம். அவள் வந்தது போன மழைக்காலத்தில். முதலாளி தவீ என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். முதல் கூட்டத்தில் ஆலைக்காரம்மாவுக்கு அவளைப் பிடிக்காவிட்டால் வேலை எனக்காம்.

வயிறு எரிகிறது.

மார்ச் 5

யார் எதைச் சொன்னாலும் பைலின் 'இது நம்ம வேலைக்கு உள்ளேயா, வெளியேயா?' என்று கேட்கிறாள். பெரியவர்களிடம் இப்படியா கேட்பார்கள்? நான் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். கேட்டு யாரையும் சங்கடப்படுத்தியதில்லை. நாளைக்குக் கூட்டத்தில் மாட்டுவாள். மாட்டட்டும்.

மார்ச் 6

ராயோங். ஆலைக்காரம்மா சுஜிந்தா மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் வைத்து உபசரித்தார். ஆலைக் கணக்கோடு அவர்கள் குடும்பக் கடைகளின் கணக்கையும் சேர்க்கவா என்று பைலின் கேட்டாள். அம்மா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். 'வேண்டாம்' என்று வாயால் சொல்ல மனம் வராத சிரிப்பு. பைலினுக்கு ஜாடை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. உள்ளுக்குள் தித்தித்தது.

அவள் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, சிரிக்கிறீங்க, எனக்குப் புரியல. வேணுமா, வேண்டாமா?" என்றாள்.

தவீ கூரையைப் பார்த்தார். தொலைந்தாள் என்று நினைத்தேன்.

"வேணும்மா," என்றார் அம்மா. "கடைங்கதான் எனக்குத் தலைவலியே. கேட்டா, முடியாதுன்னு சொல்ல நீங்க சங்கடப்படுவீங்களேன்னு வாயே திறக்கல."

கிளம்பும்போது பைலின் கையில் மட்டும் ஒரு கூடை மாம்பழம்.

மார்ச் 7

அப்படியானால் இத்தனை வருடம் என்னிடம் சிரித்தவர்கள் எல்லாம் — என்னதான் சொன்னார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

மதியச் சாப்பாட்டில் பைலின் தட்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, என்மேல கோவமா?"

சிரித்தேன். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். இவள் நின்றாள்.

"புரியலக்கா. ஆமாவா, இல்லையா?"

"கோவம் இல்ல. பொறாமை," என்றேன். காது சூடாகிவிட்டது.

அவள் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "சரி. அது நம்ம வேலைக்கு உள்ளேயா, வெளியேயா?"

சனியன். யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"வெளியே."

பிறகு சொன்னேன்: கடைகளைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் கொழுந்தனார், அவரையும் முதலிலேயே கூப்பிட்டுக் கேட்டுவிடு என்று. மனசில்லாமல்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் தட்டிலிருந்து பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.