மாற்றிக்கொண்ட வீடு

அன்பு மகன் ஹேமந்துக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பிரவீனா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தப் பாலைவன வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டுச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியும், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும், என் போனும் ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசுகிறது. போன வாரம் நீ, "லீவு போட்டு வந்து அவனுங்க கால ஒடைக்கிறேன் பாரு" என்று கத்தினாயே, மறுநாள் காலையில் நான் குடத்தோடு வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு டில்லிபாபு பைக்மேல் உட்கார்ந்தபடி, "இன்னாக்கா, உம் புள்ள ஃப்ளைட் ஏறிட்டானா? ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பட்டா?" என்று கேட்டான், கூட இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அதனால்தான் லீவு முடிந்து உன் கேம்புக்குத் திரும்புகிற தசரதனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ வரக்கூடாது. நடுவில் விட்டுவிட்டு வந்தால் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய், அவன்மேல் கை வைத்தால் கேஸும் உன்மேல்தான் விழும்.

நீ ஊரில் இருந்தவரை டில்லிபாபுவின் அம்மா பக்கத்து வீட்டில் இருந்தார், அவருக்குப் பயந்து அவனும் அடங்கிக் கிடந்தான். அந்த அம்மா மகள் வீட்டோடு இருக்க மண்ணூருக்குப் போனபிறகு மூன்று பேரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். சாயங்காலமானால் நம் வாசலை ஒட்டிய மாடிப்படியில்தான் பாட்டில், சீட்டுக்கட்டு, ஸ்பீக்கர் எல்லாம். பிரவீனா ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தால், "டீச்சரம்மா வராங்க, எழுந்து நில்லுங்கடா" என்று வரிசையாக எழுந்து வழியை மறித்து நிற்பார்கள். அடுத்து நடந்ததை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அண்ணனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியவேண்டும் என்று அதட்டித்தான் எழுதவைக்கிறேன். நான் சாயங்கால பி ஷிப்டில் இருந்த ஒருநாள் நம் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்து திறக்கும்வரை பிள்ளை உள்ளேயே இருந்தாள். ஏன்டி கத்தவில்லை என்று கேட்டேன், கத்தினால் அவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிடும் அம்மா என்றாள். உன் சித்தி பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்து, "படிச்சி கிழிச்சது போதும், ஹாஸ்டல் குடுக்குற கம்பெனியா பாத்து லைன் வேலைல சேத்துவுடு, பத்திரமாவாவது இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச காலந்தான் இருக்கிறது. அவள் எழுதுவாளா மாட்டாளா என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம்.

போலீசுக்குப் போன் செய்தேன், வந்தார்கள், ஜீப் தெருமுனை திரும்பியதும் பாட்டு முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது. நமக்கு வீடு ஒதுக்கிய குடியிருப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போனால், ஒரு வீட்டுப் புகார் போதாது, அக்கம்பக்கத்தார் கையெழுத்தோடு வாருங்கள் என்றார்கள். நம் பிளாக்கில் பாதிப் பேர் ஏ ஷிப்டு, பாதிப் பேர் பி ஷிப்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில்தான். இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் அங்கேயே மடக்கிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் பேரும் வீட்டு நம்பரும் எழுதிக் கொடுத்தார்கள், எனக்கு ஊரே பின்னால் நிற்பது போல இருந்தது. அங்கேதான் தப்பு செய்தோம். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல நீங்க இல்லியேம்மா" என்றார். அடுத்த பேரைப் பார்த்தார், அவரும் இல்லை. ஏரி வாய்க்கால் ஓரத்திலிருந்து நம்மை இங்கே கொண்டுவந்து குலுக்கலில் வீடு கொடுத்தபோது, கால் போன உன் அப்பாவுக்கு நான்காம் மாடி விழுந்தது, மீனம்மாளுக்குக் கீழ்வீடு விழுந்தது. வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து இரண்டு குடும்பமும் மாற்றிக்கொண்டோமே, நீதானே தட்டைப் பிடித்தாய். நம்மைப் போலவே முடியாதவர்களை வைத்திருந்த எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள், யாரும் அலுவலகத்தில் சொல்லவில்லை, மனசு ஒத்துப்போனபின் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம். கணக்குப்படி சரியாக இருப்பது டில்லிபாபு வீடு ஒன்றுதான், அது அவன் அம்மா பெயரில் இருக்கிறது. புகார் கொடுத்த எங்களுக்குத்தான் நோட்டீஸ் வந்தது, மாதம் முடிவதற்குள் அவரவர் வீட்டுக்குப் போகாவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகுமாம்.

படுக்கையில் கிடக்கும் மாமியாருக்காக முதல் மாடிக்கு மாறியிருந்த ஷாரோன் என் முகத்துக்கு நேராகவே, "சிவனேன்னு கெடந்தவங்களுக்கு நோட்டீஸ் வாங்கிக் குடுத்துட்டியேக்கா, அந்தக் கெழவிய நான் மூணு மாடி தூக்கினு ஏறட்டுமா?" என்று அழுதாள், அதோடு பேச்சும் நின்றுபோனது. ஆனால் கண்ணு, உன்னிடம் மறைப்பானேன், நோட்டீஸைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவும் இல்லை, கீழ்வீடு நமக்கு எதற்கு, மேலே போய்விட்டால் பிரவீனாவுக்கு நிம்மதி என்று தோன்றியது. அன்றைக்கே மேலே போய் மீனம்மாளிடம் சொன்னேன். புருஷன் விட்டுப்போனவள், இரண்டு பெண் பிள்ளைகள், உடனே பரண்மேல் இருந்த பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தாள். சின்னவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, கீழ வந்தா எங்க கதவையும் வெளிய தாப்பா போடுவாங்களா?" என்று கேட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, பாத்திரத்தை மேலேயே வை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து அழுதேன், மேலேயும் போகமுடியாது, கீழேயும் இருக்கமுடியாது, சித்தி சொன்ன கம்பெனிக்குத்தான் பிள்ளையை அனுப்பவேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் மீனம்மாள் தானே இறங்கிவந்தாள். "இன்னாக்கா, கம்ப்யூட்டர்ல கீழ் வூடு எம் பேர்லதான கீது? அப்ப அவனுங்க தாப்பா போட்டது எங் கதவுதான. நான் எழுதித் தரேன், அத்த எப்டி இல்லன்னுவாங்க?" என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமாத்தான் கீது, சீக்கிரம் கெளம்பு, அப்பறம் நானே மாட்டேன்னுடுவேன்" என்றாள். அதிகாரி அவள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு பழைய கையெழுத்துத் தாளையும் அதோடு சேர்த்துச் சீல் வைத்து வாங்கிக்கொண்டார். வரும் வியாழக்கிழமை விசாரணை. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வரவேண்டும் என்று டில்லிபாபுவின் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு மாற்றியதற்கு நாங்களும் அன்றைக்கே பதில் சொல்லவேண்டும். நல்லதும் நடக்கலாம், இருக்கிற வீடும் போகலாம், எதுவும் தெரியவில்லை.

விசாரணைக் கடிதம் அவர்களுக்குக் கிடைத்ததிலிருந்து பாட்டும் இல்லை சிரிப்பும் இல்லை, கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், அந்தச் சத்தமே தேவலை என்று இருக்கிறது. நேற்று டில்லிபாபு மாடியைப் பார்த்து, "மீனாக்கா, மேல் வூட்ல காத்து நல்லா வருதா?" என்று கேட்டான். அவள் எட்டிப் பார்த்து, "வருதுப்பா, வியாழக்கெழம உங்கம்மாவ இட்டுனு வா, சேந்து காத்து வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், போனதும் முதல் வேலையாகக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாளாம். எனக்குக் காலை ஏ ஷிப்டு மாற்றித்தர சூப்பர்வைசர் முடியாது என்றுவிட்டார். அதனால் நான் வேலைக்குப் போனதும் பிரவீனா மேலே போய் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறாள், ஹோம்வொர்க்கும் சொல்லித்தருகிறாள், பரீட்சைப் பணமும் கட்டியாகிவிட்டது.

நீ கோபத்தை அடக்கிக்கொண்டு அங்கேயே இரு. எங்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இருந்தால் புதன்கிழமை மீனம்மாளுக்கு ஒரு போன் போடு, நம்பரைக் கவர்மேல் எழுதச் சொல்லியிருக்கிறேன். அத்தை என்று கூப்பிட்டு, நான் இருக்கிறேன் என்று மட்டும் சொல். நம் கதவுக்காகக் கையெழுத்துப் போட்டவளுக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆண்பிள்ளை இல்லை. நீ நூறு வயது நோயில்லாமல் இருக்கவேண்டும், நீ கை வைக்கும் வேலையெல்லாம் கூடிவரவேண்டும். தலைக்குத் துணி கட்டாமல் வெயிலில் நிற்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா