விடைத்தாள் உறைக்குள் மாட்டிக்கொண்ட தையல்கடை

அனுப்புநர்:
இறுதியாண்டு மாணவி,
மாலைப் பிரிவு, சட்டக் கல்லூரி.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்.

பொருள்: செய்முறைத் தேர்வு உறையில் சிக்கிய அசல் வாடகை ஒப்பந்தத்தை வியாழக்கிழமைக்குள் எடுத்துத் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உருப்போட்டு ஒப்பிக்கும் முறையை விட்டு, மாணவர்கள் உண்மையான கட்சிக்காரரின் வழக்கில் வேலை செய்தே கற்க வேண்டும் என்று இவ்வாண்டு கல்லூரி மாற்றியது. எனக்கு அது பிடித்திருந்தது. சட்டப் பிரிவுகளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எதிரே முதல்முறையாக ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார்.

2. அவர் கடைத்தெருவில் தையல்கடை நடத்தும் அக்கா. வாடகைக்கே விடவில்லை, அத்துமீறி நுழைந்துவிட்டார் என்று கட்டட உரிமையாளர் வழக்குப் போட்டிருக்கிறார். அது பொய் என்று காட்ட அக்காவிடம் இருப்பது உரிமையாளர் கையெழுத்திட்ட அந்த வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான். என்னை நம்பி அதைக் கொடுத்தார்.

3. தேர்வுக்கு வழக்கு ஆவணக் கட்டை ஒப்படைக்கும்போது, நகல் வைக்கட்டுமா என்று கேட்டேன். அசல் இருந்தால்தான் வெளித்தேர்வாளர் மதிப்பார், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர். கட்டு முழுவதையும் நான் எழுதிய விடைகளோடு சேர்த்து விடைத்தாளாகக் கணக்கில் எடுத்து, அரக்கு வைத்து மூடிவிட்டார்கள். முடிவு வரும்வரை பிரிக்கக் கூடாதாம். உரிமையாளரோ கையெழுத்தே தன்னுடையதில்லை என்கிறார். அதனால் வியாழக்கிழமை விசாரணையில் நீதிமன்றத்தில் நகல் செல்லாது.

4. தேர்வுப் பிரிவு பேராசிரியரைக் காட்டுகிறது, பேராசிரியர் தேர்வுப் பிரிவைக் காட்டுகிறார். பருவம் முடிந்தது, மதிப்பெண் போட்டாயிற்று, இனி அது உன் வழக்கில்லை என்கிறார். அக்காவுக்காக ஆஜராகப் போகும் சட்ட உதவி வழக்கறிஞர் விடாமல் போன் செய்கிறார். நேற்று அக்காவிடமே போய்ச் சொன்னேன். திட்டவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "உனக்கு மார்க்கு வந்துடும். எனக்குக் கடை இருக்குமாம்மா?" என்றார்.

5. முடிவுக்கு முன் உறையைப் பிரித்தால் அந்தத் தாள் செல்லாது என்று தங்கள் எழுத்தர் மிரட்டிப் பார்க்கிறார். செல்லாமல் போகட்டும் ஐயா. தோல்வி என்றே போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு மறுபடி எழுதுகிறேன். பட்டம் தள்ளிப்போனால் வீட்டில் அண்ணன் தாம்தூமென்று குதிப்பார், அவரை நான் சமாளித்துக்கொள்வேன். இம்மனுவையே என் சம்மதமாகக் கொள்ளலாம்.

6. பிரிக்கும்போது என் முதல் விடையைக் கொஞ்சம் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் செய்ய வேண்டியது என்ன என்பது கேள்வி. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒப்பந்தம் அதற்கு அடியில்தான் இருக்கிறது.

உறை பிரியும்வரை வாசல் பெஞ்சை விட்டு எழாத,
(கையொப்பம்)
இறுதியாண்டு மாணவி

இடம்: தேர்வுப் பிரிவு வாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை