செயினுக்கு எதைப் பூசுவது

ஓகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று விடவில்லை. விறாந்தை முழுக்க மணல். காலையில் கூட்டியது, மத்தியானம் பழையபடி.

இன்றும் ஒரு சட்டையில் கறை. முதல் நன்மை எடுத்து நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குத் தைக்கிற வெள்ளைச் சட்டை. கீழ்க் கரையில் என் பெருவிரல் அளவுக்குக் கறுப்பு. போன கிழமையும் ஒன்று. மாதா திருநாள் பதினைந்தாம் திகதி. அன்று காலைப் பூசைக்குப் பிள்ளைகள் போட வேண்டும்.

கை கழுவாமலா தொட்டேன்? கழுவினேன். சவர்க்காரம். பிறகு தேசிக்காய்ப் புளி. பிறகு சீனியும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒரு தேய்ப்பு. கடைசியில் மண்ணெண்ணெய். நகக்கண்ணுக்குள் இருப்பது மட்டும் போகாது. வியர்த்தால் வெளியே வருகிறது, சனியன்.

வண்டி அப்படி. மூன்று சில்லு. சண்டையில் கால் இரண்டும் போனபிறகு தந்தது. காலால் மிதிப்பதற்குப் பதிலாக நெஞ்சுக்கு நேரே கையால் சுற்ற வேண்டும். செயின் மூக்குக்கு முன்னால் ஓடுகிறது. மற்றவர்களுக்குச் செயின் எண்ணெய் காற்சட்டைக் கரையில் படும். எனக்குக் கையில், மேற்சட்டையில், ஒருநாள் முகத்தில், நாடியில்.

தையல் நிலையத்துக்குப் பொறுப்பு தெரேசா அக்கா. கறையைப் பார்த்தார், ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"உமக்கு ஏன் இந்த அலைச்சல்? மெசினை உம்மட வீட்டுக்கே அனுப்பிவிடுறன். இருந்த இடத்தில இருந்து தையுமன்."

"இல்லை அக்கா. நான் வருவன்."

எங்கள் சுருவிலிலிருந்து நிலையம் இருக்கும் நாரந்தனைக்கு என் கைக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வீட்டில் என்னைத் தூக்கி ஏற்ற இவர், என் மனுசன். அங்கே இறக்க தெரேசா அக்கா. நடுவில் அந்த றோட்டில் மட்டும்தான் எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நிற்க நினைத்தால் நிற்பேன். தவறவிடக்கூடாத ஒரு கொக்கைப் பார்க்க அரை நிமிடம் நிற்பேன். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார், அல்லது அழுவார். இரண்டும் வேண்டாம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

இதுவரை செயினுக்குப் பூசியவை. மறந்துபோக முன் எழுதுகிறேன்.

தேங்காயெண்ணெய் – வாசம் நல்லது. இரண்டாம் நாள் பிசின். எறும்பு.
தையல் மெசின் எண்ணெய் – கறை குறைவு. வெய்யிலில் பாதி வழிக்குள் காய்ந்துபோகும்.
வள்ளத்து எஞ்சின் ஒயில் – ஓடும். வண்டியும் கறுப்பு, நானும் கறுப்பு.
கிறீஸ் – இன்று.

கிறீஸ் இவருடைய யோசனை. நண்டு வலை இழுத்து வந்து கண் சொக்க நின்றபடியே சொன்னார்.

"கடலுக்குள்ள நிக்கிற எஞ்சினுக்கே கிறீஸ்தான். உம்மட வண்டிக்குக் காணாதோ?"

காணும், போதும். ஆனால் கடலுக்குள் மணல் பறப்பதில்லை. கிறீஸ் வழியெல்லாம் மணலைப் பிடித்துத் தின்றது. நாரந்தனை மட்டும் அம்மியில் மணல் அரைத்துக்கொண்டு போனேன். நாய் ஒன்று எழும்பி வந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தது.

பின்னேரம் வழக்கம்போல் கழுவல். சவர்க்காரத் தூள், பழைய பல்லுப் பிரஷ், கிணற்றுத் தண்ணீர் வாளி வாளியாக. ஒருநாளும் தவறக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். எதைப் பூசினாலும் முதலில் சுத்தம் வேண்டும் அல்லவா. குந்தியிருந்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கிறார் இவர், பாவம். கதிரையில் இருந்தபடி நான் இங்கே, அங்கே என்று விரல் காட்டுகிறேன். கதிரையிலிருந்து எனக்கு என் செயின் எட்டாது. அதுதான் பெரிய எரிச்சல்.

கோழி முட்டை இடவில்லை. அரிசி முடிகிறது.

ஓகஸ்ட் 7, வியாழன்

வரும் வழியில் சந்திச் சைக்கிள் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் செயினைத் தூக்கிப் பார்த்தார். உள்ளுக்குள் சிவப்பு.

"அக்கா, இது தீவு. இரும்பு எண்டா துருப்பிடிக்கத்தான் செய்யும். புதுச் செயின் ஒண்டு போடுங்கோவன்."

"போன ஆனியிலதானே உங்களிட்ட வாங்கினது?"

"ஓம். அது பழசாப் போச்சு."

கெட்டிக்காரன். கடைசியில் துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே ஒன்றைத் தந்தார். சர்ரென்று அடித்ததும் சத்தமே இல்லை. வீடு மட்டும் பறந்து வந்தேன். கையிலும் கறுப்பு இல்லை.

இரவு பாரிஸிலிருந்து தம்பி போனில். ஸ்பிரேயைப் பற்றிச் சொன்னேன்.

"அது எண்ணெய் இல்லை அக்கா. இருந்த எண்ணெயையும் கழுவிப்போடும். செயினுக்கு எண்டு வேற கிடக்கு. ஈர றோட்டுக்கு ஒண்டு, காய்ஞ்ச றோட்டுக்கு ஒண்டு. உங்கட றோட் ஈரமோ, காய்ஞ்சதோ?"

கீழே புழுதி. மேலே உப்புக் காற்று.

"ரெண்டும்" என்றேன். யோசித்துவிட்டு, அப்படியானால் மெழுகு என்றான். உருக்கின மெழுகுக்குள் செயினைப் போட்டு எடுத்தால் மணலும் ஒட்டாது, கையும் கறுக்காதாம். அங்கே சைக்கிள் ஓட்டப் போட்டிக்காரர் செய்கிறார்களாம். சரி, நானும் போட்டிக்காரி.

ஓகஸ்ட் 8, வெள்ளி

தம்பி சொன்னது சரி. காலையில் செயின் மிளகாய்த் தூள் நிறம். பாதி வழியிலேயே கைபிடி இறுகிவிட்டது. நாரந்தனைக்குப் பிந்திப் போனேன். தெரேசா அக்கா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததைத்தான் நான் பார்த்தேன்.

"இன்னும் ஒருக்கா யோசியும். மெசினைக் கொண்டுவாறது ஒரு வேலையே இல்லை."

ஓகஸ்ட் 9, சனி

குசினியில் மெழுகு. கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார் இவர். பழைய மாப்பால் தகரப் பேணி, அதைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கல். அதற்கு முதல் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சவர்க்காரத் தூளில் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, சீமெந்தில் வெய்யிலுக்கு விரித்தோம்.

பேணிக்குள் போட்டதும் பொரிந்தது. வெளியே எடுத்தால் வெள்ளை வெளேர். இவர் கம்பியில் தூக்கிப் பிடித்து, "பாரும், பூமாலை மாதிரி" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். கன நாளைக்குப் பிறகு.

நல்ல தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி இன்று வரவில்லை. பழுதாம்.

ஓகஸ்ட் 11, திங்கள்

கை வெள்ளை! நகக்கண்ணும் வெள்ளை. போனேன், தைத்தேன், வந்தேன். கைமடிப்பு முழுவதும் முடித்தேன். தெரேசா அக்காவின் முகத்துக்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரி. "கெட்டிக்காரி" என்றார்.

வேறொன்றும் எழுத வேண்டாம். சந்தோசம்.

பி.கு. பின்னேரம் இவர் வழக்கம்போல் வாளியோடு வந்தார். மெழுகு போகாமல் மேலால் மட்டும் ஊற்றி அலசச் சொன்னேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மெழுகுக்குள்ளிருந்து சிவப்பு.

நம்பவே முடியவில்லை. கண்ணிகள் சில மடியவே மாட்டேன் என்கின்றன. வழியில் டக், டக். ஒவ்வொரு சுற்றுக்கும் தோளில் ஒரு இழுவை.

பின்னேரம் கதிரையில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை செயின் காயவைத்த சீமெந்தில் இன்னும் அதன் தடம். கண்ணி கண்ணியாக வெள்ளைக் கோடு. மெழுகு என்று நினைத்தேன். மெழுகு போட்டது குசினியில் அல்லவா. கதிரையிலிருந்து இறங்கி, கையை ஊன்றி அரைந்து நகர்ந்து போய், விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கிணற்று நீர் சவர் என்பது இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். குடிக்க மாட்டோம், சோறு வைக்க மாட்டோம். உடுப்புத் தோய்த்தால் விறைக்கும் என்று தெரியும். செயின் கழுவ மட்டும் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறோம். காற்றிலிருந்து வரும் உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். ஒருநாளும் தவறாமல். என்ன விசரி நான்!

இவரிடம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஊறுகாயே போட்டனான்?"

"நான்தானே கழுவச் சொன்னனான்."

வாளியில் இருந்ததை வேலியோரம் ஊற்றினார். சிரித்திருந்தால் நல்லாயிருக்கும்.

மிச்சமிருக்கும் நல்ல தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் கான், இன்னொன்றில் பாதி. பவுசர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் செயினைக் கழுவு என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை.

ஓகஸ்ட் 13, புதன்

அறுந்துவிட்டது.

வயல்வெளி தாண்டி, ஒரு வீடும் இல்லாத இடம். இரவு வீட்டில் கையால் கரை மடித்த இரண்டு சட்டை, கொண்டுபோய்ப் பொத்தான் கட்ட, பொலித்தீன் பையில் மடியில். இறுகின கண்ணி ஒன்று டக் என்றது, பிறகு கைபிடி வெறுமனே சுற்றியது. செயின் றோட்டில், பாம்பு கிடக்கிற மாதிரி. குனிந்தால் எட்டாது. இறங்கினால் திரும்ப ஏற ஏலாது. போன் எடுத்தேன், இவர் கடலில்.

இருந்தேன். காற்று. பையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன். செய்ய வேறு ஒன்றும் இல்லை. ஒரு வான் நிற்காமல் போனது. மாடுகள் போயின.

பிறகு ஒரு அம்மா, தலையில் ஓலைக்கட்டு. முன்பின் தெரியாதவர்.

"என்ன பிள்ளை, தனியவோ வந்தனீர்? ஒருதரும் இல்லையோ உமக்கு?"

இருக்கினம் என்றேன். ஓலையை வேலியோடு போட்டுவிட்டுத் தள்ளத் தொடங்கினார். நாரந்தனை மட்டும். என் கை மடியில். வழி நெடுக என்ன நடந்தது, எப்போது நடந்தது, பிள்ளைகள் இல்லையோ. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தள்ளுகிறவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். தங்கமான மனுசி, கோபிக்க இடமில்லை. ஆனால் எனக்கு வந்தது கோபம்தான். எழுதி வைக்கிறேன்: கோபம்.

சட்டைகள் சுத்தம். நேரத்துக்கு முடிந்தன.

ஓகஸ்ட் 15, வெள்ளி

திருநாள். இவர் தள்ளிக்கொண்டு போனார். பிள்ளைகள் வரிசையில், எல்லாம் வெள்ளை. கறை பட்ட இரண்டுக்கும் தெரேசா அக்கா கரையில் லேஸ் வைத்து மறைத்திருந்தார். அதுதான் வடிவு என்று தாய்மார் பேசிக்கொண்டார்கள்.

பூசை முடிந்து முற்றத்தில் தெரேசா அக்கா வந்தார். பேசியது என் தலைக்கு மேலால், இவரோடு.

"திங்கள் மெசினை ஏத்தி விடுறன். நல்ல இடமாப் பாத்து வையுங்கோ. வெளிச்சம் வேணும்."

"ஓம் அக்கா, யன்னலோட வைப்பம். பெரிய உதவி."

"நான் வருவன் அக்கா" என்றேன். "செயினுக்கு என்ன பிழை எண்டு இப்ப கண்டுபிடிச்சிட்டன்."

தெரேசா அக்கா குனிந்து என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "நடு றோட்டில நீர் தனிய இருந்ததை நினைச்சா எனக்கு நித்திரை இல்லை. என்ரை நிம்மதிக்காக எண்டு வையும்."

ஏசினால் திருப்பி ஏசலாம்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பவுசர் வந்தது. இவர் கான்களை நிரப்பி வந்து, ஒரு முழுக் கானைக் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தால் புதுச் செயின் வாங்கி வந்திருக்கிறார். மண்ணெண்ணெயில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, காயவைத்து, மெழுகு. எல்லாம் நான் சொன்ன ஒழுங்கில், நான் சொல்லாமல்.

சுற்றிப் பார்த்தேன். சத்தம் இல்லை, இறுக்கம் இல்லை. கையை மோந்தேன், மெழுகுதிரி மணம்.

"பிறகு என்னத்துக்கு மெசின் இஞ்ச?" என்றேன்.

"வண்டி கோயிலுக்குப் போக வரக் கிடக்கட்டும். நீர் ஏன் ஒவ்வொரு நாளும் வெய்யிலில காயவேணும்?"

நான் காயவில்லை என்று சொல்ல வந்தேன். முதுகு முழுக்க வியர்வையோடு நின்றார். துவாயை எடுத்து நீட்டினேன்.

ஓகஸ்ட் 18, திங்கள்

மெசின் வந்தது. உழவு இயந்திரப் பெட்டியில், சாக்கால் மூடி. யன்னலோடு வைத்தார்கள். வெளிச்சம் நல்லது. தூக்கி வந்தவர்களுக்குப் பிளேன்ரீ. எல்லாருக்கும் சந்தோசம். "இனி உங்களுக்கு ராசாத்தி வாழ்க்கை" என்று ஒருவர்.

ஒரு தலையணை உறை தைத்துப் பார்த்தேன். நூல் அறவில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

காற்றுக் கொஞ்சம் குறைவு. ஏழு மணிக்கே உடுத்து வெளிக்கிட்டேன். பழக்கம். பவுடரும் போட்டேன்.

ஏற்றிவிடச் சொன்னேன். ஏற்றிவிட்டார். கைபிடியைப் பிடித்ததும் வண்டி தானாகவே வாசல் படலை மட்டும் ஓடியது, அவ்வளவு லேசு.

"எங்க போறீர்?"

யோசித்தேன். ஒரு இடமும் வரவில்லை.

"நூல் வாங்க."

"நூலோ? தெரேசா அக்கா அனுப்பியிருக்கிறா, ஒரு பெட்டி நிறைய. எல்லா நிறத்திலயும் கிடக்கு."