ஒரு கைக்கு ஒரு துப்பாக்கி

ஜனவரி 9, வியாழன்

காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கின் எடைமேடைக்கு வந்ததே பதினோரு லாரிதான். மத்தியானத்துக்குள் ஜன்னலின் உள்பக்கமே உறைபனி கட்டிவிட்டது.

சாயங்காலம் தம்பி கர்ட் போன் பண்ணினான். கிளப் போட்டிக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டியவருக்குக் காய்ச்சலாம். "அக்கா, உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஒரு தட்டு செஞ்சு கொண்டாயேன். பன்னெண்டு பேரு பசியோட இருக்கோம்." அவன் பத்து வருஷமாகத் தலைவனாக இருக்கும் துப்பாக்கிக் கிளப். நான் உள்ளே போனதே இல்லை. செய்து கொண்டுபோனேன்.

தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று வலது கையை மட்டும் நீட்டிச் சுட்டார்கள். இடது கை பேன்ட் பைக்குள்.

எல்லோருக்கும்! அந்தப் போட்டியின் பழைய முறையே அதுதானாம். ஒற்றைக் கை.

தானியம் ஏற்றும் திருகுக்குழாய் என் இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோய் எட்டு வருஷம். அதற்கு முன்னால் ஒரு வருஷம்கூட மான் வேட்டையைத் தவறவிட்டவள் இல்லை. ரைஃபிளைக் கர்ட்டிடம் கொடுத்தேன், அத்தோடு சரி.

அந்த வரிசையில் நான் நின்றால் யாருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

ஜனவரி 11, சனி

லைலிடம் சொன்னேன். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கப் போகிறேன், முதல் முதலாக, எனக்கே எனக்கு. அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவே இல்லை. "நாப்பத்தொம்போது வயசுல பிங்கோ ஆடப் போவாங்க. என் பொண்டாட்டி துப்பாக்கி சுடப் போறா." அப்புறம், அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே: "நல்லதா வாங்கு."

ஜனவரி 18, சனி

ஜொலீனின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கர்ட்டும் வந்தான், நான் கூப்பிடாமலே.

ஜொலீன் மேசைமேல் பச்சைத் துணி விரித்து இரண்டை வைத்தாள். ஒன்று புதுசு: பிளாஸ்டிக் உடம்பு, மேலே சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. பதினேழு குண்டு பிடிக்கும். இன்னொன்று நூறு வருஷத்துக்கு முந்தைய அமைப்பில் இப்போது செய்தது. முழுக்க எஃகு, வால்நட் கைப்பிடி, ஏழே குண்டு. குறி பார்க்க இரும்பு முனை, அவ்வளவுதான்.

"அக்காவுக்குப் புதுசுதான் சரி," என்றான் கர்ட். "எடை கம்மி. புள்ளிய வெச்சா போதும். அவங்க நிலமைக்கு அதுதான்."

"உன்கிட்ட கேக்கல கர்ட்," என்றாள் ஜொலீன். "மார்லிஸ், நீ எடுத்துப் பாரு."

எஃகை எடுத்தேன். கனம்தான். ஆனால் பிடி ஒல்லி, என் சின்ன உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது. விசை ஒரு நூலிழை நகர்ந்து, கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி விட்டது. ஐயோ, அந்தச் சத்தம்.

"தாத்தா காலத்து இரும்புக்கா அது. ரெண்டு கை உள்ளவனே மேல இருக்குற அந்த ஸ்லைடப் பின்னால இழுக்கத் திணறுவான். நீ எப்படித் தொறப்ப?"

கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தோட்டா அலமாரியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

"நிலமைக்கு." எந்த நிலமைடா?

ஜனவரி 25, சனி

ஜொலீன் வரச் சொன்னாள். அவள் கடைக்குப் பின்னாலேயே சுடுமிடம். "கர்ட்டுக்குச் சொல்லல. ரெண்டையும் சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணு."

முதலில் திறக்கிற விஷயம். குண்டு அடுக்கும் மேகசினைக் காலியாகப் போட்டு, துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, பின்குறியை மேசை விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டி, இலக்குப் பக்கமாகத் தள்ள வேண்டும். ஸ்லைடு பின்னால் போய்த் தானே பூட்டிக்கொள்ளும். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை 'டக்'. அப்புறம் குண்டுள்ள மேகசினை மாற்றி, கட்டைவிரலால் பக்கவாட்டுச் சின்ன நெம்புகோலை அழுத்தினால் மூடிக்கொள்கிறது. இவ்வளவுதானா? இதற்கா கடை நடுவில் அவ்வளவு பேச்சு?

பொய் எழுத மாட்டேன். புதுசைத் திறப்பது இன்னும் சுலபம், அந்தக் கண்ணாடியையே மாட்டித் தள்ளிவிடலாம். மதிப்பெண்ணிலும் புதுசுதான் ஜெயித்தது: பத்துக் குண்டில், நூற்றுக்கு அது எழுபத்தொன்று, எஃகு அறுபத்து நாலு.

ஆனால் சிவப்புப் புள்ளி என் கை நடுக்கத்தை எல்லாம் எனக்கே காட்டிக்கொடுத்தது. ஜன்னலில் மாட்டிய ஈ மாதிரி அலைந்தது. நான் அதைத் துரத்திக்கொண்டிருந்தேன். எஃகின் கனம் கையைத் தானே கீழே உட்கார வைத்தது. சுட்டதும் மேலே துள்ளி, வந்த இடத்துக்கே திரும்பியது. இலக்கு அட்டையில் பத்தில் ஆறு ஓட்டைகள், இடது பக்கம் தள்ளி, ஒரு கைப்பிடிக்குள் கூட்டமாக.

"இது துப்பாக்கி தப்பில்ல, உன் விரல் தப்பு. சரி பண்ணிடலாம்," என்றாள் ஜொலீன்.

புதுசு நல்ல துப்பாக்கி. கர்ட் இல்லாமல் வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனோ என்னவோ. எஃகை எடுத்தேன். படிவம், என் பின்னணியைச் சரிபார்க்க ஒரு போன், இருபது நிமிஷம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பக்கத்து சீட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

பிப்ரவரி 4

தினம் முப்பது நிமிஷம். குண்டில்லாமல், சமையலறைச் சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தைப் பார்த்து விசையை அழுத்துவது. தோள் எரிகிறது. லைல் குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கையைத் தூக்கி அனுமதி கேட்கிறார், கிறுக்கு.

பிப்ரவரி 13, வியாழன்

கிளப்பில் முதல் நாள். இடது கை கோட்டுப் பைக்குள். புதிதாக வந்த ஒருவர் பாதி நேரம் பக்கத்திலேயே நின்றார், கவனிக்கவே இல்லை!

அப்புறம் கெட்டது. நாலாவது குண்டின் காலி உறை ஸ்லைடில் குறுக்கே மாட்டிக்கொண்டது. இப்படி ஆனால் சுடாத கையை உயர்த்த வேண்டும், நடுவர் வருவார், சரிசெய்துவிட்டு அந்தச் சுற்றைத் திரும்பச் சுடலாம். எனக்குத் தெரியும். உயர்த்தவில்லை. சுடாத கை எது? அதைப் பையிலிருந்து எடுக்க வேண்டுமே. அப்படியே நின்றேன்.

கர்ட் தன் இடத்தை விட்டு ஓடி வந்து என் கையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டான். எடுத்தே விட்டான்! குழந்தை கையிலிருந்து கத்தியைப் புடுங்குற மாதிரி. "விடுக்கா, நான் பாத்துக்கறேன்." நான் பெட்டியைக்கூட எடுக்காம கார்ல போய் உக்காந்தேன். அழுதேனா? ஆமா, அழுதேன், எழுதிவெச்சா என்ன இப்போ.

பிப்ரவரி 15, சனி

கர்ட் பெட்டியைக் கொண்டுவந்தான். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தான். காப்பி கொடுத்தேன். பிறகு சொன்னேன்.

"கர்ட், இன்னொரு தடவ என் கையில இருக்கிறத நீ தொட்டேன்னா உன் கிளப்புக்கு வரமாட்டேன். உன் வீட்டுக்கும் வரமாட்டேன்."

"உதவிதானேக்கா பண்ணினேன்."

"நான் கேட்டேனா?"

கோப்பையைத் தள்ளி வைத்தான். "அன்னிக்கு அந்தக் குழாய நிறுத்தினது நான்தான்," என்றான். "நாலு செகண்ட் முன்னாடி ஓடி வந்திருக்கணும்."

எட்டு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது. முட்டாள். என் தம்பி.

"நீ நிறுத்தினதாலதான்டா முழங்கையாவது இருக்கு," என்றேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

மார்ச் 20

கிளப்பில் 238. முன்னூறுக்கு. ஜொலீன் சொன்னது நிஜம், விரல்தான் தப்பு.

ஏப்ரல் 3

பிஸ்மார்க் நகரத்துப் போட்டிக்குக் கர்ட் அணிப் பட்டியல் ஒட்டினான். நாலு பேர். நாலாவது நான். மூன்று வாரமாக நான்தான் நாலாவது, சலுகை ஒன்றும் இல்லை. இருந்தும் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

பிஸ்மார்க். வெளியூர் அணிகள் ஒன்பது. இரும்புக் குறி உள்ள பழைய அமைப்புத் துப்பாக்கிகளுக்கு மட்டுமான போட்டி. கர்ட்டே இதற்காக ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு வந்து திட்டிக்கொண்டே சுட்டான்.

சுடும் வரிசையில் எனக்கு ஏழாம் இடம், அவனுக்கு ஒன்பது. மெதுவாகச் சுடும் பத்தில் 84. அடுத்த பத்தில் 86. கடைசி, பத்து செகண்டில் ஐந்து குண்டு, இரண்டு தடவை. முதல் ஐந்து 41. இரண்டாவதில், மூன்றாவது குண்டோடு நின்றுவிட்டது. அதே மாதிரி உறை, குறுக்கே.

எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்? ஒரு மூச்சு. ஒன்பதாம் இடத்தில் கர்ட்டின் கால் நகர்வது ஓரக் கண்ணில் தெரிந்தது. நகர்ந்து, நின்றுவிட்டது.

கையைப் பையிலிருந்து எடுத்தேன். உயர்த்தினேன். முழுசாக, தலைக்கு மேலே. சட்டைக் கை சரிந்து முழங்கைவரை வந்துவிட்டது. அறுபது பேர் இருந்திருப்பார்கள் அந்த ஹாலில்.

நடுவர் நான் முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள். என் கையைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். "ஏழாம் இடம், தடங்கல். நீங்களே சரி பண்றீங்களா?"

"பண்றேங்க."

விளிம்பில் மாட்டித் தள்ளினேன். உறை துள்ளித் தரையில் விழுந்து உருண்டது. "திரும்பச் சுடலாம். தயாரா?" தயார். 43.

மொத்தம் 254. அணி இரண்டாம் இடம். எங்கள் நாலு பேரில் நான் இரண்டாவது. இரவல் துப்பாக்கியோடு கர்ட் 249. திரும்பி வரும்போது காரில், "அந்த இரும்பு கையில உக்காருதுதான்," என்றான்.

கையை மறுபடி பையில் வைக்க மறந்தே போனேன்.

மே 17, சனி

ஜொலீன் கூப்பிட்டாள். வில்லிஸ்டனிலிருந்து ஒருவர் வந்திருந்தார், ஆர்டன் என்று பெயர். அறுபது வயது இருக்கும். எண்ணெய்க் கிணற்று வேலையில் வலது கை போய்விட்டது. இடது கையால் சுடப் பழக வேண்டும். கூட அவர் மனைவி.

"இவருக்கு லேசா இருந்தாப் போதும்," என்றார் அந்த அம்மாள். "இவரால கனம்..."

"பின்னால காப்பி சூடா இருக்கு, வாங்க," என்று ஜொலீன் அவரை அழைத்துப் போய்விட்டாள்.

பச்சைத் துணியில் இரண்டும் இருந்தன. விளிம்பில் மாட்டித் திறப்பதை இரண்டிலும் காட்டினேன். பழையதில் விசை எப்படி, புதுசில் புள்ளி எப்படி, தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

"நீங்க எது வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நீங்க ரெண்டையும் சுட்டப்புறம் சொல்றேன்."

ஒரு மணி நேரம் சுட்டார். கடைசியில் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டார், கன்னமெல்லாம் சிவந்து, குழந்தை மாதிரி. நல்ல துப்பாக்கி என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கர்ட்டுக்குப் போன் பண்ணி, "நீ எனக்குச் சொன்ன அதையேதான் எடுத்துக்கிட்டார்டா," என்றேன். மூச்சு முட்டச் சிரித்தான். நானும்.