சூப்பர்வைசர் வினிதா லீவு கொடுக்கிறாள்

டிசம்பர் 2, செவ்வாய்

இன்றைக்கும் வழக்கம்போலப் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தேன். ஒன்பது வருஷமாக இந்த உள்ளூர் கேபிள் சேனலில் இதே வேலை. என் வீட்டுக்காரர் தும்மினால்கூட வாய் தானாக "நூறாண்டு வாழ்க" என்கிறது.

ஆனால் இன்றைக்கு ஒரு விசேஷம். ஓனர் நாராயணப்பன் ஒருவழியாகச் சரி என்று சொல்லிவிட்டார். புத்தாண்டு காலை பத்து மணிக்கு அரை மணி நேரம், குழந்தைகளுக்கான குளிர்கால விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சி. எழுதுவது, எடுப்பது எல்லாம் நான்தான். கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன பிறகு கிடைத்த வாய்ப்பு.

"இந்தாம்மா சரிதா, நல்லா வந்தா தொடர்ந்து பண்ணிக்கோ. சொதப்பினா அந்த நேரத்த மனை விக்கறவருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் நீ வாழ்த்து வாசிச்சிக்கினே இருக்க வேண்டியதுதான்" என்றார்.

சொதப்ப மாட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கதை ரெடி. ஒரு ராத்திரி ஓசூரில் பனிமழை கொட்டுகிறது. பிள்ளைகள் வெள்ளைவெளேர் என்று கிடக்கும் தெருவில் ஆடிப் பாடுகிறார்கள். பனிமழை ஓனரின் ஆசை. "பாக்கறவனுக்கு வீட்ல உக்காந்துக்கினே குளிரணும்மா." காலையில் எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்கு இங்கே மூடுபனி. அது இவருக்குப் போதாதாம்.

ஹவுசிங் போர்டு காலனியில் எட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் கம்பெனிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். பிரியாதான் கதாநாயகி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அழச் சொன்னால் உடனே அழுகிறது, நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறது. எனக்கே அப்படி வராது.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒத்திகை பிரமாதம். பரீட்சை முடிந்த மறுநாளே படப்பிடிப்பு.

டிசம்பர் 23, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லப் பிரியாவின் அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் இரைச்சல். "நாங்க ஏறிட்டோமேக்கா. லீவு விட்டா ஊருக்குத்தான போவோம்? உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்." அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு — எல்லாரும் பஸ் ஸ்டாண்டில், இல்லையென்றால் பாதி வழியில்.

எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? நான் பிறந்தது உத்தனப்பள்ளி. அம்மா வீட்டுக்கு மத்தியானம் சாப்பிடப் போய்விட்டு சாயங்காலம் திரும்பிவிடுவேன். எனக்கு ஊர் என்றால் இதுதான். ஆனால் இந்தக் காலனியில் பாதிப் பேருக்கு ஓசூர் வேலை பார்க்கிற இடம். ஊர் வேறு எங்கேயோ இருக்கிறது. லீவு விட்டால் ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டார்கள். இத்தனை வருஷம் இவர்கள் நடுவில் இருந்துகொண்டு, விடுமுறை நிகழ்ச்சிக்கு விடுமுறையிலேயே படப்பிடிப்பு வைத்த ஒரே அறிவாளி நான்தான்!

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "சிரிங்க, சிரிங்க. ராத்திரிக்குச் சோறு கெடையாது" என்றேன். அப்புறமும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது. வந்ததே ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் இப்படியா கெடுத்துக்கொள்வேன்?

டிசம்பர் 24, புதன்

மனசு கேட்காமல் காலனிக்குப் போனேன். வரிசையாகப் பூட்டு. கடைசியில் இருக்கிற லைன் வீடுகளில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஒரே கூச்சல். கரண்டியோடு ஒரு பெண்பிள்ளை வாசலுக்கு வந்தது.

"யாரு வேணும்? எங்கம்மா கம்பெனிக்குப் போயிருக்கு. எதுவும் விக்க வந்தீகன்னா எங்களுக்கு வேணாம்."

டிவியிலிருந்து வருகிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தது. "வாழ்த்து வாசிக்கிற அக்காவா? டிவில இன்னும் குண்டாத் தெரிவீகளே!"

பெயர் வினிதா. நாலாம் வகுப்பு. தம்பி சின்னராஜுக்கு ஐந்து வயது. தெலுங்கு பேசுகிற அக்காள் தங்கை இருவர், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் — இந்த மூன்றும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். யார் அம்மாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. அத்தனை பேரையும் வினிதாதான் மேய்க்கிறாள். சோறு போடுவதும் அவள்தான், முதுகில் ஒன்று வைப்பதும் அவள்தான்.

அவள் அம்மா இருளாயிக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. கேன்டீன் நேரத்தில் போனில் பிடித்தேன். "கூட்டிட்டுப் போங்க. பத்திரமாக் கொண்டாந்து விட்டுருங்க, அது போதும்." மற்ற அம்மாக்களிடமும் அவரே பேசிவிட்டார்.

ஆள் கிடைத்துவிட்டது. நடிப்பு வருமா?

டிசம்பர் 26, வெள்ளி

வராது.

கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. மூட்டை மூட்டையாகத் தெர்மாகோல் உருண்டை, பறக்கவிட ஒரு பெரிய ஃபேன். "ஆகா, வெண்பனியே வருக!" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வினிதா ஒவ்வொரு முறையும் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். "இப்பிடி யாருக்கா பேசுவா?" நியாயமான கேள்விதான். எழுதினவளே நான்தான். போதாக்குறைக்கு ஃபேனிலிருந்து புகை வந்து அதுவும் நின்றது. கேமராமேன் மோகன்குமார் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். நான் தூணோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டப் டப் என்று சத்தம். பார்த்தால், பிள்ளைகள் என் பனிமழையை வாரி வாரி அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்! அம்மாக்கள் செய்வதைப் போலவே பேக்கிங். கதவுதான் கம்பெனி கேட். அட்டையைக் கிழித்துக் கழுத்தில் அடையாள அட்டை. வினிதா சூப்பர்வைசர். இடுப்பில் கை வைத்து உலாத்துகிறாள். "ஏ ஷிப்ட் முடிஞ்சது! பி ஷிப்ட் கைகழுவிட்டு வா!" வீட்டிலும் தினமும் இதே விளையாட்டுதானாம்.

மோகன்குமார் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் கேமராவை ஓட விட்டார். அந்த மனுஷருக்குக் கோயில் கட்டலாம்.

கடைசியில் ஒவ்வொருத்தராகச் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டார்கள். ஊரில் திருவிழா என்றது ஒன்று. பல்வலி என்றது இன்னொன்று. யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை சூப்பர்வைசர். "போ, பத்து நாள் எடுத்துக்க. சம்பளம் வீட்டுக்கு வரும்." சின்னராஜ் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உனக்கு என்னத்துக்கு லீவு?"

"வீட்டுக்குப் போகணும் சார். புள்ளைக தனியா இருக்கும். சின்னவன் அழுவான்."

வினிதா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் அவன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். "சரி, போ. நாளைக்கும் வராத."

ஐயோ, என் கண்ணு தங்கங்களா! நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எலெக்ட்ரீஷியன் வந்து ஃபேனுக்கா இந்த அழுகை என்று கேட்கிறார்.

என் கதையைக் கிழித்துப் போட்டேன். இதுதான் நிகழ்ச்சி.

டிசம்பர் 28, ஞாயிறு

இருளாயிக்குக் காட்டாமல் போடக் கூடாது என்று அவர் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது.

"எம்புள்ளைகளத் தனியாப் போட்டுட்டுப் போறேன்னு ஊரு பூராத் தெரியணுமாக்கும்? ஆடச் சொல்லிக் கூட்டிப்போறேன்னுதான சொன்னீக?"

அவர் சொல்வது நியாயம். ஒரு தடவை பாருங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்றேன். அழித்துவிட்டால் என்னிடம் வேறு எதுவும் கிடையாது. மனைக்காரருக்கு வழிவிட வேண்டியதுதான்.

போனில் பார்த்தார். வினிதா இடுப்பில் கை வைத்து உலாத்தியபோது வாய்விட்டுச் சிரித்தார். "எங்க சூப்பர்வைசரு அப்பிடியே இப்பிடித்தான்!" சின்னராஜ் பேசினதும் சிரிப்பு நின்றது. திரும்பப் போடச் சொன்னார். அதற்கப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னைய மாதிரியே கைய வேற கட்டிக்கிட்டு நிக்கிறான் பாருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போடுங்க. என் ஒருத்தி கதையா இது? எம்பேரு மட்டும் போடாதீக."

டிசம்பர் 30, செவ்வாய்

"பனி எங்கம்மா?" என்றார் ஓனர். "பெட்டிக்குள்ள இருக்குது அண்ணா" என்றேன். முழுசாகப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "கொஞ்சமாவது கொட்டியிருக்கலாம்" என்று முனகிவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும்.

ஜனவரி 1, வியாழன்

நிகழ்ச்சி முடிந்து விளம்பரம்கூட முடியவில்லை, வாழ்த்து சொல்ல வைத்திருக்கிற போன் அடித்தது. ஒரு பெண் குரல். பேர் சொல்லவில்லை.

"அந்த சூப்பர்வைசர் பாப்பாகிட்ட நானும் லீவு கேக்கலாங்களா?"

சிரிக்கிறாரா அழுகிறாரா, புரியவில்லை. வைத்ததும் அடுத்தது. கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், ஊத்தங்கரைக்காரர் ஒருவர். எல்லாருக்கும் லீவு வேண்டுமாம். சாயங்காலம் வரைக்கும் போன் ஓயவில்லை.

ஓனர் வந்து நின்று அழைப்புகளைக் கேட்டார். "போகிக்கு அந்தப் பாப்பாவ நேரலையில உக்கார வைம்மா. கேக்கறவங்களுக்கெல்லாம் லீவு குடுக்கட்டும்."

மனைக்காரருக்கு டாட்டா!

ஜனவரி 9, வெள்ளி

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்களா என்று இருளாயியிடம் கேட்டேன். "ஒரு நாளு லீவுல உசிலம்பட்டி போயி என்னக்கா செய்ய? பஸ்ஸ விட்டு எறங்கித் திரும்ப ஏறத்தான் சரியாருக்கும்." வினிதா காதில் விழாதது போல நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 14, புதன், போகி

நேரலை. வினிதாவுக்குப் புதுப் பாவாடை சட்டை, கழுத்தில் அட்டை. கால் தரையில் எட்டவில்லை. அதட்டல் மட்டும் எட்டூருக்குக் கேட்டது. ஒருவருக்குத் தூங்குவதற்காக ஐந்து நாள். இன்னொருவருக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டதற்காக ஒரு நாள், "சமாதானமானா இன்னொரு நாளு." பக்கத்தில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் பொட்டே விழுந்துவிட்டது.

அடுத்த அழைப்பு.

"வணக்கம், எத்தன நாளு வேணும்?" என்றாள் வினிதா.

"லீவு கேக்கலங்க மேடம். குடுத்துட்டாக. அஞ்சு நாளு."

குரல் கேட்டதும் பிள்ளை நிமிர்ந்தது.

"டிவியப் பாத்துட்டு எங்க சூப்பர்வைசரே கூப்புட்டுக் குடுத்தாரு. தம்பியோட கீழ நிக்கிறேன், பையெல்லாம் எடுத்தாச்சு. வெரசா எறங்கி வா, பஸ்ஸ விட்டுறாம."

வினிதா மைக்கை இழுத்துப் போட்டாள். அட்டையைக் கழற்றி என் மடியில் எறிந்தாள். படியில் அவள் ஓடுகிற தடதட சத்தம் நேரலையிலேயே போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓனர் இரண்டு கையையும் ஆட்டுகிறார். சூப்பர்வைசர் நாற்காலி காலி. போன் மறுபடியும் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க, எத்தன நாள் வேணும்?"